பெயர் போடாத ஜெபக்குறிப்பு

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குள் எல்லாக் குறிப்புகளும் எனக்கு வந்துவிட வேண்டும், அதற்கு மேல் வந்தால் அடுத்த வாரம்தான் என்று கறாராகச் சொல்லிவைத்திருந்தேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்? பதினொன்றே காலுக்குத்தான் முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் கஷ்டமே ஞாபகம் வரும்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு ஜெபக்குறிப்பு எழுதுவது ஒன்பது வருஷமாக என் வேலை. யாருக்கு என்ன கஷ்டமோ அதை என்னிடம் சொல்வார்கள். நான் அதை இரண்டு வரிக்குள் அடக்கி, வரிசையாக எண் போட்டு, போனில் எல்லோருக்கும் அனுப்புவேன். மொத்தம் அறுபத்திரண்டு பேர். அந்த வாரம் முழுக்க அவரவர் வீட்டில் அதை வைத்து ஜெபிப்பார்கள். இதில் ஒரே ஒரு சட்டம்தான், பெயர் போடக் கூடாது. ஒரு சகோதரி, ஒரு குடும்பம், ஒரு வாலிபன், அவ்வளவுதான்.

பெயர் போடாவிட்டால் தெரியாதா என்ன? ஒன்பது வருஷத்தில் எங்களுக்கென்று ஒரு பாஷையே உண்டாகிவிட்டது. 'விடுதலைக்காக' என்று வந்தால் வீட்டுக்காரர் குடிக்கிறார். 'குடும்ப சமாதானத்துக்காக' என்றால் மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 'புதிய வாசல் திறக்க' என்றால் வேலை போய்விட்டது. 'ஞானத்துக்காக' என்றால் பையன் கணக்கில் ஃபெயில். 'விசேஷித்த பாரம்' என்று மட்டும் யாராவது கொடுத்துவிட்டால் போச்சு, ஐந்தாவது நிமிஷம் என் போன் அலறும்.

"அக்கா, அந்த ஏழாம் நம்பர் யாருக்கா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது."

"யாருன்னு தெரியாம எப்படிக்கா பாரமா ஜெபிக்கிறது? லேசா ஒரு கோடி காட்டுங்க, நான் பிடிச்சுக்குறேன்."

"நீ பிடிச்சுக்குவ, அப்புறம் ஊரே பிடிச்சுக்கும். போனை வை."

இவளை நாங்கள் ஆமென்காரி என்போம். யார் ஜெபித்தாலும் முடிவதற்குள் நாலு ஆமென் போட்டுவிடுவாள். அவளைத் துரத்திவிட்டு எனக்கு நானே சிரித்துக்கொள்வேன். பெருமையாகவும் இருக்கும், பொய் சொல்வானேன். யார் வீட்டில் என்ன வேகிறது என்று மூடியைத் திறக்காமலே தெரிகிற ஆள் நான் ஒருத்திதானே.

எழுதுவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. பொத்தாம்பொதுவாக எழுதினால் பிடிக்காது. 'ஒரு சகோதரியின் சுகத்துக்காக' என்று யாராவது கொடுத்தால் திருப்பிக் கேட்பேன். என்ன வலி, எப்போதிலிருந்து, உட்கார்ந்தால் வலிக்கிறதா எழுந்தால் வலிக்கிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லாம் வாங்கிக்கொண்டுதான் எழுதுவேன். பாஸ்டரம்மா ஒருமுறை கூட்டத்திலேயே சொன்னார்கள், "இவங்க எழுதினதைப் படிச்சா அந்த ஆளே முன்னாடி வந்து நிக்கிற மாதிரி இருக்கு. ஜெபிக்காம இருக்கவே முடியலை." அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

என் மகள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பல் டாக்டர்களுக்குக் கட்டுப்பல் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. விரல் இடுக்கில் எப்போதும் வெள்ளையாகப் ப்ளாஸ்டர் மாவு ஒட்டியிருக்கும். அன்றைக்குக் கை சுத்தமாக இருந்தது. வேலைக்குப் போகவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இடுப்பில் குட்டி. நாலு வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறியிருக்கிறாள். வெயில் காலத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு கம்பளித் துணி.

"என்னடி இது, காய்ச்சலா?"

குட்டியைக் கீழே இறக்கிவிட்டு, பொம்மைப் பெட்டி இருக்கும் அறைக்கு அனுப்பி, கதவைச் சாத்திவிட்டுத் துணியை அவிழ்த்தாள். ஒரு பக்கம் நாலு விரல். இன்னொரு பக்கம் கட்டைவிரல்.

"அச்சு நல்லா விழுந்திருக்குல்ல?" என்றாள். "லேப்ல இவ்வளவு சுத்தமா யாருக்கும் எடுக்க வராது."

வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தேன்.

"எத்தனை நாளா?"

"நாளா? நீ வேற. குட்டி வயித்துல இருக்கும்போதே ஆரம்பிச்சாச்சு."

"மாப்பிள்ளையோட அம்மா ஒண்ணும் கேக்கலையா?"

"அவங்க இருந்தா கை நீட்ட மாட்டான். அவங்க கண்ணாஸ்பத்திரிக்குப் போற நாளாப் பார்த்துத்தான். கண்ணுல புரை முத்தினதுல அவங்களுக்கு என் மூஞ்சியே சரியாத் தெரியாது, கழுத்து எங்கே தெரியப்போகுது?"

அதுவரை மாப்பிள்ளை வந்தார், மாப்பிள்ளை சாப்பிட்டார் என்றுதான் என் வாயில் வரும். அன்றைக்கு அந்த 'ர்' போனது போனதுதான்.

என் வீட்டில் தங்கு என்றேன். மாட்டேன் என்றாள். அவன் முதலில் தேடி வருவது இங்கேதான். பெண்களுக்கான இல்லம் ஒன்றில் பதிந்துவைத்திருக்கிறாளாம். இடம் காலியாக மூன்று வாரம் ஆகும். அதுவரை ஒரு தோழி வீட்டில். கல்யாணத்துக்கு முன்னால் இவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த தையல்காரி. அவளோடு சண்டை, முகத்திலேயே விழிப்பதில்லை என்று மூன்று வருஷமாக அவனை நம்பவைத்திருக்கிறாள். இப்படி ஒரு நாள் வரும் என்று மூன்று வருஷமாகவே தெரிந்திருக்கிறது பாருங்கள்.

"உன்கிட்ட ஏன் சொல்றேன்னா, நான் வேலைக்குப் போகணும். குட்டியைப் பார்த்துக்க வாரத்துல ரெண்டு நாள் நீ வரணும். ஆனா யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சபையில கூடவே கூடாது."

"நான் என்ன தண்டோராவா போடப்போறேன்?"

"போடுவ. போடுறது உனக்கே தெரியாது."

"பெத்தவ மேல உனக்கு இருக்கிற நம்பிக்கையைப் பாரு" என்று கோபித்துக்கொண்டேன். தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தேன்.

மறுநாளே அவன் வந்தான். மரியாதையாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, "அத்தை, அவ இங்க வந்தாளா?" என்று கேட்டான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். டம்ளர் மூடி கீழே விழுந்ததாகச் சொல்லிக் குனிந்து கட்டிலுக்கு அடியில் வரைக்கும் பார்த்தான்.

"வரலையேப்பா. என்ன, ஏதாவது மனஸ்தாபமா?"

"சும்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. குட்டிக்கு இளைப்பு வேற. அதான் பயமா இருக்கு."

"வந்தா உடனே போன் பண்றேன்" என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அவன் போன பிறகு கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டேன். இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறி அந்தத் தோழி வீட்டுக்குப் போனேன். கீழே சலவைக்கடை, மேலே கல்யாணத்துக்கு முன்னால் இவர்கள் இரண்டு பேரும் இருந்த அதே அறை. மாடிப்படியே ஈரமாக, சோப்பும் சூடான துணியுமாக வாசம் அடித்தது. இஸ்திரி மெஷின் ஒவ்வொரு தடவையும் புஸ்ஸென்று மூச்சு விட, ஜன்னல் வழியாக வெள்ளையாக நீராவி உள்ளே வந்தது. அந்த ஜன்னலோ சாத்தவே வராது. சட்டம் உப்பிப்போய் இருந்தது.

தையல்காரி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசினாள். "வாங்கம்மா. இங்க எல்லாம் இலவசம். நீராவிக் குளியல் வேற."

"விழுங்கித் தொலைச்சிடாதடி."

"விழுங்கினா எக்ஸ்ரே எடுக்கும்போது அழகா இருக்கும்."

நல்ல பெண். ஆனால் குட்டி இருமியது. சாயங்காலம் வரை இருமியது. நெஞ்சில் கை வைத்தால் உள்ளே விசில் அடித்தது. மருந்தை உறிஞ்சவைத்தால் ஒரு மணி நேரம் அடங்கும், கீழே மெஷினை ஓட்டினால் திரும்ப ஆரம்பிக்கும். "பாட்டி, என் நெஞ்சுக்குள்ள யாரு விசில் அடிக்கிறா?" என்று கேட்டது. சிரித்து மழுப்பினேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை குறிப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருத்திக்கு வாடகை வீடு அமைய வேண்டும். ஒருத்திக்குத் தைராய்டு. ஆமென்காரியின் அண்ணன் மகனுக்கு விசா. பதிமூன்று வரை தட்டிவிட்டேன். விரல் நின்றுவிட்டது. ஒன்பது வருஷமாக ஊரில் உள்ளவர்கள் முட்டிவலிக்கெல்லாம் அறுபத்திரண்டு பேரை முழங்காலில் நிறுத்தியிருக்கிறேன். என் பேத்தியின் நெஞ்சுக்கு ஒரு வரி கிடையாதா? நான் ஒருத்தி தனியாகக் கேட்டுக் கேட்டு ராத்திரி பூராவும் என்ன ஆயிற்று? என் ஒற்றைக் குரலை நானே நம்பவில்லை, அதுதான் நிஜம்.

பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். மகள் என்பதை எடுத்தேன். புருஷன் பேச்சே இல்லை. பேத்தி என்று தெரியக் கூடாதென்று பிள்ளை என்று மட்டும் போட்டேன்.

'14. தன் சிறு பிள்ளையோடு வேறொரு சகோதரியின் வீட்டில் அடைக்கலமாயிருக்கும் ஒரு சகோதரியின் பாதுகாப்புக்காக. கீழே உள்ள சலவைக்கடையின் நீராவியால் பிள்ளைக்கு வரும் இளைப்பும் இருமலும் நீங்க.'

நாலு தடவை படித்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, தெரு இல்லை. சம்பந்தியம்மாவும் எங்கள் ஐக்கியம்தான், அவருக்கும் இது போகுமே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசிக்காமல் இல்லை. ஆனால் அவருக்குத்தான் கண்ணில் புரை, ஆபரேஷன் ஆகிறவரை ஒரு எழுத்துப் படிக்க முடியாதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அனுப்பிவிட்டேன். அனுப்பியதும் மனசு லேசாகிவிட்டது. நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். தையல்காரி போன் செய்தாள். வாயில் குண்டூசி இல்லாமல் அவள் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"அம்மா, பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. அவன் வந்துட்டான்."

எலும்பு முறிவுப் பிரிவு வராந்தாவில் நீளமாக ஒரு பெஞ்சு. அதன் நுனியில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர்கள் மகனைப் பிடித்து வைத்துக்கொண்டு தாய்க்குச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறாள். என் காலடிச் சத்தம் கேட்டு, "சம்பந்தியா?" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சான்?" என்று கேட்டேன். மருமகன் தாயிடம் கேட்கிற முறையா இது, ஆனால் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது சம்பந்தி. படியில வச்சுக் கையை முறுக்கியிருக்கான். உருண்டு விழுந்திருக்கா. சலவைக்கடை ஆளுங்கதான் பிடிச்சு இழுத்தாங்களாம். மணிக்கட்டு ரெண்டாப் போச்சுன்னு சொல்றாங்க." சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தான் இருந்தான். எனக்குக் கண்ணு இப்படி ஆனதிலிருந்து ஜெபக்குறிப்பை அவன்தான் வாசிச்சுக் காட்டுவான். ஒவ்வொண்ணா அவன் வாசிக்க, ஒவ்வொண்ணுக்கா நான் ஜெபிப்பேன். என் பிள்ளை மாதிரி யாருக்கு வாய்க்கும்னு நினைச்சுக்குவேன்."

மனசுக்குள் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

"பதினாலாவது வாசிச்சான். திரும்ப ஒரு தடவை வாசிச்சான். அப்புறம் சத்தமே இல்லை. என்னடான்னேன். 'ஒண்ணுமில்லம்மா, இந்தப் பிள்ளைக்கு நல்லா ஜெபிங்க'ன்னான். ஜெபிச்சேன் சம்பந்தி. ஐயோ, யார் பெத்த பிள்ளையோ மூச்சு விட முடியாம தவிக்குதேன்னு அழுது ஜெபிச்சேன். எழுந்து கதவைத் திறந்துட்டுப் போனான். நான் ஜெபிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

அவருக்கு இன்னும் புரியவில்லை. என் முகம் அவருக்குத் தெரியவில்லை என்பதற்காக அந்த நேரத்தில் நன்றி சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

கதவு திறந்து ஒரு பெண் வந்தாள். பெண்கள் இல்லத்திலிருந்து வந்திருக்கிறவள், கையில் ஒரு ஃபைல். நிலைமை இப்படி ஆனதால் இன்றைக்கே இடம் கொடுத்துவிட்டார்களாம். என்னைத் தள்ளி அழைத்துப் போய்க் கேட்டாள்.

"அந்த வீடு யார் யாருக்கெல்லாம் தெரியும்மா?"

"எனக்கும் அந்தத் தையல்காரப் பொண்ணுக்கும்தான்."

"நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சத்தியமா இல்லைம்மா. யார்கிட்டயும் சொல்லலை. ஒரு ஜெபக்குறிப்பு எழுதினேன், அவ்வளவுதான்."

"அப்படின்னா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. சபைப் பக்கம் வராத பெண், அவளுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கோ பிறந்ததிலிருந்து காதில் விழுந்த வார்த்தை, அதற்கு அர்த்தம் என்று ஒன்றைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

"கஷ்டத்தைச் சொல்லி ஜெபிக்கச் சொல்றது."

"யார்கிட்ட சொல்றது?"

"கடவுள்கிட்ட."

"சரி. எழுதினது யாருக்கு?"

"அறுபத்திரண்டு பேருக்கு."

"என்னன்னு எழுதினீங்க?"

ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். அடைக்கலம் என்று சொல்லும்போதும் நின்றேன், நீராவி என்று சொல்லும்போதும் நின்றேன். அவள் குனிந்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'இருப்பிடம் வெளியானது: தாய் மூலம்.'

"அது இல்லைம்மா, ஜெபக்குறிப்புன்னு எழுதுங்க" என்றேன்.

"எங்க ஃபாரத்துல இதுக்கு வேற வார்த்தை இல்லைம்மா" என்றாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னாள்.

மகள் வெளியே வந்தாள். இடது கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டில் வெள்ளையாக இருந்தது. வலது கை விரலால் அதைத் தட்டிப் பார்த்து, "சரியாவே கலக்கலை, கட்டி கட்டியா இருக்கு" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். பின்னால் தையல்காரியின் தோளில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"படியில வச்சு அவனே சொன்னான்மா. 'உங்கம்மா கேட்டுக்கிட்டாங்க, எங்கம்மா ஜெபிச்சாங்க, நான் வந்தேன்'னு."

"குட்டிக்கு இருமல் நிக்கணும்னுதாண்டி எழுதினேன்."

"தெரியும்."

"பேர்கூடப் போடலையே."

"அதுவும் தெரியும்மா."

ஃபைல்காரப் பெண் கேட்டாள், "இப்பப் போற இடத்தை யாருக்காவது சொல்லணுமா? ஒருத்தர் பேரைக் கொடுக்கலாம். அவசரம்னா நாங்க கூப்பிடுறதுக்கு."

"யாரும் வேண்டாம்."

"அம்மா இருக்காங்களே?"

மகள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்தால் காலில் விழுந்தாவது ஏதாவது செய்திருப்பேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சா அம்மா ஜெபிப்பாங்க" என்றாள்.

"எழுத மாட்டேன்டி. இனி பேனாவைத் தொட மாட்டேன், போனைத் தொட மாட்டேன். உன் தலை மேல சத்தியமா..."

"அந்தச் சத்தியம் போன செவ்வாய்க்கிழமையே பண்ணியாச்சும்மா." நல்ல கையால் என் தோளைத் தொட்டாள். "நீ கெட்டது நினைச்சுச் செஞ்சிருந்தா மன்னிச்சுட்டு அட்ரஸைக் கொடுத்துடுவேன். நல்லதுக்குத்தான் செஞ்ச. திரும்பவும் நல்லதுக்குத்தான் செய்வ. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"குட்டிக்கு இளைப்பு வந்தா?"

"டாக்டர்கிட்ட காட்டுவேன்."

"எப்ப வருவ?"

குட்டியை எழுப்பட்டுமா என்று தையல்காரி கண்ணால் கேட்டாள். மகள் வேண்டாமென்று தலையாட்டினாள். பணியாளர்கள் மட்டும் போகிற கதவைத் திறந்து மூன்று பேரும் குட்டியுமாகப் போனார்கள். கதவு தானாக மூடிக்கொண்டது.

வராந்தாக் கோடியில் ஒரு ஜன்னல். கீழே வண்டிகள் நிற்கிற இடம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். ஓடினேன். சாம்பல் நிற வேன் ஒன்றின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். குட்டியின் செருப்பு போட்ட ஒரு கால் தையல்காரியின் கைக்கு வெளியே தொங்கிக்கொண்டு உள்ளே போனது. கதவு சாத்தினார்கள். இன்னும் அரை நிமிஷம் நின்றால் வேன் வாசலில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் ரயில் நிலையம், இன்னொரு பக்கம் மேம்பாலம். பக்கம் தெரிந்தால் மிச்சத்தை ஊகித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். ஊகித்துவிட்டால் அது எனக்குள்ளேயே கிடக்காது.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"சம்பந்தி, போயிட்டாங்களா?" பெஞ்சிலிருந்து அவர் குரல் வந்தது. "எந்தப் பக்கம் போறாங்க? பார்த்துச் சொல்லுங்களேன்."

கீழே வேன் கிளம்பியது. வாசலில் கொஞ்சம் நின்றது, பிறகு திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டாலும் காது விடவில்லை. சத்தம் எந்தப் பக்கமாகத் தேய்கிறது என்று தானாகவே தேடப் போனது. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன்.